அம்சத்தின் தகரத் தோட்டம்

முதலில் மலர்கொடி, அப்புறம் காயாரோகணம், கடைசியில் ஜெயா. இந்த வரிசையை அம்சம் எந்த நாளும் மாற்றுவதில்லை. கோடைக் காலையில் வெயில் முறுக்கிக்கொள்வதற்குள் மூன்று பிள்ளைகளையும் வாசலில் நிறுத்திக் குளிப்பாட்டியாக வேண்டும். விளிம்பு உடைந்த அகலத் தாழி ஒன்று அதற்கென்றே கிடக்கிறது. பிள்ளை அதற்குள் நிற்கும். தலையில் ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் தாழிக்குள்ளேயே தேங்கும். பிள்ளையைத் தூக்கி வெளியே விட்ட கையோடு அம்சம் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, தாழித் தண்ணீரை மொண்டு மொண்டு டின் டின்னாக ஊற்றிக்கொண்டு போவாள். மலர்கொடி குளித்த தண்ணீர் கனகாம்பரத்துக்கும் பட்டுரோஜாவுக்கும். காயாரோகணம் குளித்தது கத்தரிக்கும் மிளகாய்க்கும். ஜெயா குளித்தது மாங்கன்றுக்கு.

காயாரோகணத்துக்கு இதில் தீராத மனக்குறை. அக்காவுக்கு மட்டும் மரமாம், தனக்குக் கத்தரிக்காயாம். ஒருநாள் தாழியை விட்டு இறங்கமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினான். அம்சம் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே நிதானமாக நியாயம் சொன்னாள்.

“ஒன் மேல இருக்கிற சேத்துக்குக் கத்திரிதான்டா தாங்கும். அவ பள்ளிக்கூடத்துப் புள்ள. ஒடம்புல சத்து எங்க இருக்கு? வெறுந்தண்ணி. மாங்கன்னுக்கு அதான் ஒத்துக்கும்.”

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் மாட்டுக்கொட்டிலோரம் போய், முழங்காலிலும் முழங்கையிலும் புழுதியைப் பூசிக்கொண்டு வந்து தாழிக்குள் நின்றாள். அம்சம் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு ஜெயாவின் தண்ணீரை ஊற்றும்போது மட்டும், “அடேயப்பா, இன்னிக்கு ஒரமால்ல வருது” என்று மாங்கன்றிடம் சொன்னாள்.

சோப்பு ஞாயிற்றுக்கிழமைதான். சோப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது என்று அன்றைக்குத் தாழியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பாக்கி நாளெல்லாம் பயற்றமாவு. ஆற்றில் தண்ணீர் மாசியோடு நின்றுபோயிற்று. மணலில் ஆள் ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றில் கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டி ஒரு குடம் நிரப்புவதற்குள் தெருக்கதை ஒன்று பேசி முடிந்துவிடும். அப்படிக் கொண்டுவருகிற தண்ணீரைப் பிள்ளைக்கு ஒருமுறை, செடிக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை வேலை வாங்காவிட்டால் அம்சத்துக்கு மனசு ஆறாது.

வாசல் என்று பெயரே தவிர, கால் வைக்க இடமில்லை. எண்ணெய் டின், டால்டா டப்பா, அடி போன குண்டான், கழுத்து உடைந்த குடம், பாதி அடுப்பு, யாரோ தூக்கியெறிந்த, நெல் அளக்கிற மரக்கால். எல்லாவற்றிலும் மண், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பச்சை. குப்பைமேட்டில் எது பளபளத்தாலும் அம்சத்தின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். பூச்சிமருந்து டின் மட்டும் ஆகாது. அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் தொடமாட்டாள். “எத்தன தடவ கழுவினாலும் அந்த வாசன போவாது. புள்ளைங்க தொட்டுட்டு வாயில வைக்கும்” என்பாள்.

இவ்வளவு மண் காலடியில் கிடக்க, ஏன் டின்னில் வைக்கிறாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர் யாரும் கேட்கமாட்டார்கள். மாயவரத்துக்குத் தெற்கே இருக்கிற இந்தத் தெருவின் மனை அத்தனையும் பண்ணைக்குச் சொந்தம். குடியிருக்கிறவர்கள் பண்ணை வயலில் வேலை செய்கிறவர்கள். காய்த்து முடிந்ததும் சாய்ந்துவிடுகிற எதையும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். நின்று நிலைக்கிற எதையும் வைக்கக்கூடாது. கூரையில் பூசணி ஏற்றலாம், வேலியில் அவரை விடலாம். முருங்கை ஆடிக்காற்றில் தானே முறிந்துவிடும் என்பதால் அதையும் கண்டுகொள்வதில்லை. தென்னை, மா, நார்த்தை ஆகவே ஆகாது. மரம் வைத்தவன் நாளைக்குப் பாத்தியதை பேசுவான் என்பது பண்ணையின் கணக்கு.

கல்யாணமாகி வந்த புதிதில் அம்சத்துக்கு இது தெரியாது. பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்கன்றை வாசலோரம் நட்டுவிட்டாள். பண்ணை ஏஜெண்டு பஞ்சநதம் பிள்ளை குனியக்கூட இல்லை. குடையின் வளைந்த பிடியைக் கன்றின் கழுத்தில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினார். வேரோடு வந்துவிட்டது. அவர் போனபிறகு அதை எடுத்து ஒரு பழைய டின்னில் வைத்துப் பார்த்தாள். அது பிழைக்கவில்லை. டின் மிச்சமிருந்தது. அடுத்ததை அதில் வைத்தாள். அப்படித்தான் ஆரம்பம்.

செடி வாங்கி வைப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கேட்டு வாங்கின கொப்பு வீம்பு பிடிக்கும், திருடி வைத்ததுதான் தழைக்கும் என்பாள். திருடவும் மனசு வராது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஹமீதா பானுவின் வீட்டுக்கு வறட்டி கொடுக்கப் போவாள். கொல்லையில் விதவிதமாகச் செம்பருத்தி. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க” என்பாள்.

“என்னத்தடி எடுக்கப்போற?”

“சொல்லிட்டு எடுத்தா அது திருட்டாக்கா?”

ஹமீதா பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அம்சத்துக்கு எந்தக் கொப்பு என்று தீர்மானிக்க நேரமாகும். சுவரைப் பார்த்தபடியே அந்த அம்மாள், “எடுத்துத் தொலச்சியா இல்லியா? அடுப்புல ஆணம் கொதிக்கிது” என்று கத்துவார். இப்படித் திருடினதுதான் வாசலில் நிற்கிற அடுக்குச் செம்பருத்தி.

கோடையில் அம்சத்தின் பகல் பொழுது நிழலோடு ஓடுகிறது. காலையில் டின்கள் எல்லாம் குடிசைக்கு மேலண்டைப் பக்கம் இருக்கும். உச்சி திரும்பினதும் ஒவ்வொன்றாகக் கீழண்டைப் பக்கம் போகவேண்டும். ஜெயா டால்டா டப்பாக்களை இரண்டு கையிலும் எடுத்துக்கொள்வாள். காயாரோகணம் தன் கத்தரியைத் தலையில் வைத்துக்கொண்டு கரகம் ஆடிக்கொண்டே போவான். மலர்கொடிக்கு ஒரு கொட்டாங்கச்சியும் அதில் ஒரு பிடி மண்ணும் உண்டு. அதில் ஒன்றும் முளைக்கவில்லை, முளைக்கப்போவதுமில்லை. ஆனாலும் அதுவும் இடம் மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் தெருவே அதிரும்.

அம்சம் செடிகளோடு பேசுகிற பேச்சும் பிள்ளைகளோடு பேசுகிற பேச்சும் ஒன்றுதான். “ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? நேத்து திங்கலையா நீ?” என்று குனிந்த தலை நிமிராமல் அதட்டுவாள். “தின்னேனே” என்று காயாரோகணம் பதில் சொல்வான். அவள் கேட்டது மிளகாய்ச் செடியை.

டின்கள் இடம் மாறியதும் அஞ்சாங்கல். சித்திரை வெயிலில் வேறு எதுவும் செய்ய முடியாது. புளி உடைக்கிற வேலை இருந்தால் ஒரு கை புளியில் இருக்கும், மறு கை கல்லில் இருக்கும். பிள்ளைதானே என்று விட்டுக்கொடுக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. ஜெயா ஒவ்வொரு நாளும் தோற்றுப்போய்க் கண்ணைக் கசக்குவாள். “அழுதா கல்லு கையில வந்து ஒக்காருமா? போடு, இன்னொரு ஆட்டம்” என்பாள் தாய். போன வாரம் ஜெயா நிஜமாகவே ஜெயித்தாள். அன்று சாயங்காலம் ஊற்றுக்குப் போன இடத்தில், எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணிடமும் அம்சம் தான் தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றிலும் பெரியது மாங்கன்று. ஜெயா சப்பிப் போட்ட கொட்டையில் முளைத்தது. ஏதோ கல்யாண வீட்டில் ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட அண்டாவில் நிற்கிறது. வேலிக்கு மேலே தலை தெரிந்தால் ஏஜெண்டு கண்ணில் பட்டுவிடும் என்று, வளர வளர அதன் நுனியைக் கிள்ளிவிடுவாள். கிள்ளும்போது, “வெளிய தெரியாத வரைக்கும் நீ செடிதான், மரமில்ல. ஞாபகம் வச்சுக்க” என்று புத்தி சொல்வாள். இந்த வருஷம் அவள் கிள்ளவே வேண்டியிருக்கவில்லை. மாசியில் விடவேண்டிய செந்தளிர் விடவில்லை. இலையோரம் தீய்ந்திருந்தது. அண்டாவின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். மண்ணே தட்டுப்படவில்லை, முழுக்க வேர். வேர் சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருந்தது. இனி ஒரு கோடை அதற்குள் தாங்காது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம் என்று சர்க்கார் போன வருஷம் சட்டம் போட்டிருக்கிறது. சங்கத்து ஆட்கள் தெருத்தெருவாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த வைகாசிக்குள் தாலுக்கா ஆபீஸிலிருந்து வருவார்கள், யார் எந்த மனையில் இருக்கிறார்களோ அவர்கள் பேரில் எழுதுவார்கள், அதுவரைக்கும் யாரும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று சொன்னார்கள். அம்சம் அன்றைக்கே மாங்கன்றை மண்ணில் இறக்கிவிடப் பார்த்தாள். புருஷன் மருதையன் தடுத்துவிட்டான். எழுதி முடியட்டும், அவசரப்படாதே என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஒருதடவை மண்ணைப் பார்த்துவிட்ட வேர் திரும்ப அண்டாவுக்குள் அடங்காது. மனை கைக்கு வராமல் போய், மறுபடி குடைப்பிடி வந்து மாட்டினால் அதோடு சரி.

மருதையன் பயந்தவன் என்று சொல்லிவிட முடியாது. கிழக்கே ஒரு சேரியை ஆட்களோடு கொளுத்திய வருஷம், கூலி கேட்டுக் கொடி பிடித்துப் போனவர்களில் அவனும் ஒருவன். அதற்கப்புறம்தான் ராத்திரியில் நாய் குரைத்தால் எழுந்து உட்காருகிற பழக்கம் வந்தது. எழுந்ததும் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

போன புதன்கிழமை காலை பஞ்சநதம் பிள்ளை வந்தார். வழக்கமாகத் தெருமுனையில் நின்றுதான் கூப்பிடுவார். அன்று வாசல்வரை வந்து, டின்களுக்கு நடுவே வழி பார்த்துப் பார்த்து நடந்துவந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெயருக்குப் பின்னால் எப்போதும் வருகிற ‘டி’யைக் காணோம். அம்சம் அப்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கிரதையாக நின்றாள்.

அவர் முதலில் கனகாம்பரத்தைப் புகழ்ந்தார். இந்தக் கோடைக் காய்ச்சலிலும் இப்படிப் பூத்திருக்கிறதே, இது கைராசிதான் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பண்ணை வீட்டுக் கொல்லை பாழாய்க் கிடக்கிறதாம், பார்க்க ஒரு நல்ல கை வேண்டுமாம். கொல்லைக் கோடியில் ஓடு போட்ட கொட்டகை காலியாக இருக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடலாம் என்றார். மரமா, செடியா, என்ன வேண்டுமோ மண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, எந்தக் கோடைக்கும் வற்றாதது. வருவதானால் இந்த வாரத்துக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

அம்சத்தின் வீடு தெருவின் தலைப்பில் இருக்கிறது. பண்ணைக் களத்துக்கு வண்டி திரும்புகிற முனை அதுதான். தாலுக்கா ஆபீஸ் ஆட்கள் வரும்போது இது காலியாக இருந்தால் யாருக்கு நல்லது என்பது காயாரோகணத்துக்குக்கூடப் புரியும். அம்சத்துக்கும் புரிந்தது. ஆனாலும் வற்றாத கிணறு என்ற வார்த்தையில் அவள் மனசு ஒரு நிமிஷம் போய் உட்கார்ந்துவிட்டது. நிழலுக்கு ஓடவேண்டாம். நுனி கிள்ளவேண்டாம்.

“புள்ளைங்கள அந்தக் கெணத்தடியில குளிப்பாட்டிக்கலாமாங்க?” என்று கேட்டாள்.

பஞ்சநதம் பிள்ளை குடையைக் கை மாற்றிப் பிடித்தார். “அதுக்கென்ன. வீட்டு ஆளு எறச்சு ஊத்துவான். நீ கொடத்தத் தள்ளி வச்சுட்டு நின்னாப் போதும்.”

“மாங்கன்னுக்கு?”

“அதுக்கு வாய்க்கா வெட்டி விட்டா நேரா கெணத்துத் தண்ணியே பாயுமே” என்றார் அவர், தாராளமாக.

அவரு வரட்டும்ங்க, கேட்டுச் சொல்றேன் என்று அனுப்பிவைத்தாள். அவர் போன பிறகு ஜெயா, “ஏம்மா, மாங்கன்னு மட்டும் கெணத்துக்கிட்ட போலாமா?” என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாளோ, தெரியாமல் கேட்டாளோ. அம்சம் அவள் தலையை இழுத்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத பேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வாய்க்கால் தூர் வாருகிற வேலைக்குப் போயிருந்த மருதையன் மத்தியானம் வந்தபோது அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஏஜெண்டு வாய்க்கால் கரைக்கே போய்ப் பேசியிருக்கிறார். கடப்பாறையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். அம்சம் நீராகாரமும் சுட்ட கத்தரிக்காயும் வைத்தாள். மலர்கொடியை இடுப்பிலிருந்து இறக்கி, மடியில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பிசைந்த சோற்றை ஊட்ட ஆரம்பித்தாள். மற்ற இரண்டும் தின்றுவிட்டு வெளியே டின்களை நகர்த்திக்கொண்டிருந்தன. “என் கத்திரிய நீ தொடாத” என்ற சத்தம் உள்ளே கேட்டது.

மருதையன் பாதி குடித்துவிட்டுக் கும்பாவைக் கீழே வைத்தான். குடிசைக்குள் பார்வையை ஓட்டினான். கூரையில் விழுந்திருந்த பொத்தல் வழியே வெயில் காசு காசாகத் தரையில் கிடந்தது.

“ஓட்டுக் கட்டடமாம்” என்றான். அம்சம் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

“ஓடு எரியாது புள்ள.”

மலர்கொடி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அம்சம் ஊட்டினாள்.

“தண்ணி ஊத்துறதுக்கு ஆளு வைக்கிறேங்கிறாரு. நமக்கு அது என்ன புதுசா? எங்கப்பன் காலத்துலேருந்து கையேந்தித்தான் குடிக்கிறோம்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “எனக்காகச் சொல்லல. இந்த டின்னுங்களத் தூக்கித் தூக்கி ஒனக்கு இடுப்பு போச்சு. ராத்திரி நீ பொரண்டு படுக்கறப்ப மொனவுறது எனக்குக் கேக்காதுன்னா நெனக்கிற? நீ ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். அத நான் ஒனக்குக் குடுக்க முடியல. அங்க போனா மண்ணுலயே வைக்கலாம், ஒருத்தன் புடுங்க மாட்டான். அது கண்ணு முன்னால காய்க்கும், நீ பாக்கலாம். இங்க சட்டம் ஜெயிக்கும்னு யாரு கண்டா?”

அம்சம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. வாய்க்கால் புழுதி படிந்து வெளுத்திருந்த அவன் விரல்கள் கும்பாவின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தன.

“போயிடுவமா?” என்றான். கும்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, “சொல்லு புள்ள. நீ சொல்றதுதான்” என்றான்.

அவள் தட்டில் மிச்சமிருந்ததை வழித்துப் பிள்ளைக்கு ஊட்டி முடித்தாள். முந்தானையால் அதன் வாயைத் துடைத்து, மூக்கையும் துடைத்து, அப்படியே தூக்கி அவன் மடியில் உட்கார வைத்தாள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள். மூலைக்குப் போய், அவன் சாத்தி வைத்திருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு, குனிந்து வெளியே, முன்பு நார்த்தங்கன்றை நட்ட வாசலோரத்துக்குப் போனாள்.